‘20% தானே மழை வாய்ப்பு’ என்று கிளம்பிவிடலாமா? அரிசோனா பாலைவனத்தின் தினசரி இடிமழை முன்னறிவிப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

2017 ஜூலை 15. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேசன் நகருக்கு அருகே, காட்டுக்குள் இருக்கும் ஓர் ஓடையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. கோடை வெயிலுக்கு இதமான, குளிக்க வசதியான இடம். அவர்கள் இருந்த இடத்தில் பெரிய மழை எதுவும் இல்லை. ஆனால் திடீரென்று மேலே இருந்து சேறும் மரக்கட்டைகளும் கலந்த கரிய வெள்ளம் சுவர் போல இறங்கியது. அந்தக் குடும்பத்தில் 10 பேர் உயிரிழந்தார்கள்.

மழை பெய்தது எங்கே தெரியுமா? அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி, மலை மேலே. முந்தைய மாதம் காட்டுத்தீயில் எரிந்துபோன சரிவில் கொட்டிய மழை, அப்படியே ஓடையில் இறங்கிவிட்டது. வானிலை மையம் வெள்ள எச்சரிக்கை கொடுத்திருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் கிடையாது.

பாலைவனத்தில் பருவமழைக் காலம் என்றால் இப்படித்தான். ‘இன்று என் தலைக்கு மேலே மழை வருமா’ என்று மட்டும் பார்த்தால் போதாது. அதனால்தான் அரிசோனாவில் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, தினமும் வெளியாகும் இடிமழை முன்னறிவிப்பை மக்கள் கவனித்துப் பார்க்கிறார்கள். அந்த முன்னறிவிப்பு எப்படித் தயாராகிறது? அதில் இருக்கும் சதவீதம், வண்ணம், எச்சரிக்கை எல்லாம் என்ன சொல்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

பாலைவனத்துக்குப் பருவமழையா?

ஆமாம். பருவமழை என்பதற்கு அடிப்படை, பருவத்துக்கு ஏற்றபடி காற்றின் திசை மாறுவதுதான். தென்மேற்கு அமெரிக்காவிலும் வடமேற்கு மெக்சிகோவிலும் அது நடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். கோடையில் நிலம் கொதிக்கும்போது, வானில் உயர் அழுத்தப் பகுதி ஒன்று வடக்கே நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது காற்று தெற்கு, தென்கிழக்குத் திசைக்கு மாறும். கலிபோர்னியா வளைகுடா, கிழக்கு பசிபிக், மெக்சிகோ வளைகுடா ஆகிய கடல்களின் ஈரப்பதம் பாலைவனத்துக்குள் நுழையும்.

அமெரிக்க தேசிய வானிலை சேவை ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான நாட்களைப் பருவமழைக் காலமாகக் கணக்கிடுகிறது. 2008 முதல்தான் இந்த நிலையான தேதி. அதற்கு முன்பு பீனிக்ஸ் நகரில், தொடர்ந்து 3 நாட்கள் சராசரி பனிநிலை வெப்பம் சுமார் 13 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் ‘பருவமழை தொடங்கிவிட்டது’ என்று அறிவிப்பார்கள். பனிநிலை வெப்பம் என்பது, காற்றில் உள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை. இந்த எண் ஏறினால் காற்றில் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம்.

அங்குள்ள பழங்குடி மக்களுக்கோ தேதி தேவைப்படவில்லை. சகுவாரோ கள்ளி பழுக்கும் காலத்தை வைத்தே மழை நெருங்குவதை அறிந்துகொள்வார்கள். டோஹோனோ ஓதம் மக்களுக்கு அந்தப் பழ அறுவடையும் மழையும்தான் புத்தாண்டு.

மழை எவ்வளவு பெய்யும்? டூசான் நகரில் இந்தப் பருவத்தின் சராசரி சுமார் 145 மி.மீ. அந்த ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இது. பீனிக்ஸில் சராசரி சுமார் 62 மி.மீ. மட்டுமே.

ஆனால் இந்தச் சராசரியை நம்பி எதையும் சொல்ல முடியாது. 2020-ல் டூசானில் பருவம் முழுக்க சுமார் 41 மி.மீ. மழைதான். அடுத்த ஆண்டே, 2021 ஜூலை மாதம் மட்டும் சுமார் 205 மி.மீ. கொட்டியது. 2023-ல் பீனிக்ஸ் பருவம் முழுவதும் பெற்றது வெறும் 4 மி.மீ. அதுதான் அந்த நகரின் மிக வறண்ட பருவமழை. அதே ஆண்டில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடித்தது. மழை மேகம் எட்டிப் பார்க்காவிட்டால், அந்த வெப்பத்தைத் தணிக்க வேறு வழியே இல்லை.

காலையில் வானிலை ஆய்வாளர்கள் பார்ப்பது என்ன?

பீனிக்ஸ், டூசான், பிளாக்ஸ்டாஃப் ஆகிய மூன்று ஊர்களில் உள்ள வானிலை அலுவலகங்கள் அரிசோனாவின் பெரும்பகுதியைக் கவனிக்கின்றன. விடியும் முன்பே, கருவிகள் கட்டிய பலூன் ஒன்று டூசானிலிருந்து வானில் ஏறும். தரையிலிருந்து மேலே செல்லச் செல்ல வெப்பம், ஈரம், காற்று எப்படி மாறுகிறது என்று அது தகவல் அனுப்பும். அதில் முக்கியமாக நான்கு விஷயங்களைத் தேடுகிறார்கள்.

ஈரம்: தலைக்கு மேல் இருக்கும் காற்றில் உள்ள ஈரம் முழுவதையும் பிழிந்தால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் கிடைக்கும் என்ற கணக்கு. இது கூடினால், வரும் மழையும் கனமழையாக இருக்கும்.

கொதிநிலை: கீழே சூடு, மேலே குளிர்ச்சி. இந்த வித்தியாசம் அதிகமாக இருந்தால் சூடான காற்று ராக்கெட் மாதிரி மேலே பாய்ந்து இடிமேகமாகும். தமிழ்நாட்டு வானிலைச் செய்திகளில் அடிக்கடி காதில் விழும் ‘வெப்பச்சலனம்’ இதுதான்.

தூண்டுதல்: சூடும் ஈரமும் இருந்தால் மட்டும் போதாது, காற்றை மேலே தள்ள ஏதாவது வேண்டும். அரிசோனாவில் அந்த வேலையைப் பெரும்பாலும் மலைகள் செய்கின்றன. முந்தைய நாள் புயலிலிருந்து வெளியேறிய குளிர்காற்றும் செய்யும்.

தள்ளும் காற்று: மலையில் உருவான மேகம் எந்தப் பக்கம் நகரும்? உயர் அழுத்தப் பகுதி எங்கே இருக்கிறது என்பதுதான் இதை முடிவு செய்கிறது. அரிசோனா, யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநில எல்லைகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது இருந்தால், மலைப்புயல்கள் பீனிக்ஸ், டூசான் பக்கம் தள்ளப்படும். நேராகத் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்தால் காற்றைக் கீழே அமுக்கிவிடும். அன்று மேகம் வளராது, வெயில்தான் மண்டையைப் பிளக்கும்.

இதற்குப் பிறகு கணினி மாதிரிகள். மணிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் மாதிரிகளும், அரிசோனா பல்கலைக்கழகம் இந்த மலைப்பகுதிக்காகவே இயக்கும் மாதிரியும் உண்டு. ஆனாலும் ‘இந்தத் தெருவில் 5 மணிக்கு மழை’ என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு புயலிலிருந்து வெளியேறும் குளிர்காற்று இன்னொன்றின் குளிர்காற்றோடு மோதும் இடத்தில் மூன்றாவது புயல் பிறக்கும். அது எங்கே என்பது அரை மணி நேரத்துக்கு முன்புதான் தெரிய வரும்.

ஒரு பருவமழை நாள் எப்படி நகரும்?

காலை: பெரும்பாலும் வானம் தெளிவு. முந்தைய இரவின் மேகம் மிச்சம் இருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். மேகம் வெயிலை மறைத்தால் நிலம் சூடாகத் தாமதமாகும், அன்றைய இடிமழையும் குறையலாம்.

நண்பகல்: மலைகளுக்கு மேலே மட்டும் வெள்ளை மேகங்கள் பூக்கும். டூசானுக்குப் பக்கத்தில் சாண்டா கட்டலினா மலை, வடக்கே மொகோயோன் ரிம் எனப்படும் நீண்ட மலை விளிம்பு, கிழக்கே வெள்ளை மலைகள். இவைதான் அரிசோனாவின் புயல் தொழிற்சாலைகள்.

பிற்பகல்: மலைகளில் இடி, மின்னல், மழை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிளாக்ஸ்டாஃபில் இது பருவத்தின் வாடிக்கை. மதியத்துக்கு மேல் உயரமான மலைப்பாதைகளில் இருக்காதீர்கள் என்று நடைப்பயணிகளுக்குச் சொல்வது இதனால்தான்.

மாலை, இரவு: மலைப்புயல்களின் குளிர்காற்று சரிவில் இறங்கிச் சமவெளியை அடையும். சுமார் 330 மீட்டர் உயரத்தில் தாழ்வாக இருக்கும் பீனிக்ஸுக்குப் புயல் வருவதானால் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோதான். பல நாட்கள் மழை வராமல், புழுதியும் காற்றும் மட்டும் வந்து போவதும் உண்டு.

அப்போ 20% என்றால் என்னதான் அர்த்தம்?

இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மழை வாய்ப்பு 20% என்றால், குறிப்பிட்ட நேரத்துக்குள் நீங்கள் இருக்கும் புள்ளியில் குறைந்தது 0.25 மி.மீ. மழை பதிவாக 20% வாய்ப்பு என்று அர்த்தம். 20% நேரம் மழை பெய்யும் என்பதல்ல. லேசான மழை என்பதும் அல்ல.

பீனிக்ஸ் நகரம் இருக்கும் மாரிகோபா கவுண்டியின் பரப்பு கிட்டத்தட்ட 24,000 சதுர கிலோமீட்டர். ஒரு பாலைவன இடிமேகத்தின் அகலமோ பல சமயம் சில கிலோமீட்டர்தான். கவுண்டிக்குள் ஏதோ ஓரிடத்தில் இடிமழை கட்டாயம் வரும் என்று தெரிந்த நாளிலும், உங்கள் வீட்டுக்கான எண் 20% என்றே இருக்கும். ஆனால் அந்த மேகம் வரும் இடத்தில், ஒரு மணி நேரத்தில் தெருவே ஆறாகும் அளவுக்குக் கொட்டலாம்.

முன்னறிவிப்பில் சொற்களும் வரும். 20% அளவில் இருந்தால் ‘தனித்தனியாக’, 30 முதல் 50% என்றால் ‘பரவலாக அங்கங்கே’, 60, 70% என்றால் ‘பல இடங்களில்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பயன்படுத்துவார்கள். நம்மூரில் ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒருசில இடங்களில்’, ‘பல இடங்களில்’ என்று சென்னை வானிலை ஆய்வு மையம் சொல்வதும் ஏறக்குறைய இதே மாதிரியான வரிசைதான். ‘ஓரிரு இடங்களில்’ என்பது அந்த ஓரிரு இடத்துக்காரர்களுக்கு 100% மழை!

வண்ண வரைபடத்தை எப்படிப் படிப்பது?

அமெரிக்கா முழுவதுக்கும் இரண்டு வரைபடங்கள் தினமும் வெளியாகும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஓக்லஹோமாவில் உள்ள புயல் கணிப்பு மையத்தின் வரைபடம். அன்றைய நாளுக்கானது ஒரே நாளில் 5 முறை வெளியாகிறது. வெளிர்பச்சை என்றால் இடிமழைக்கு 10% அல்லது அதற்கு மேல் வாய்ப்பு. அதற்கு மேல் கரும்பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, மெஜந்தா என 5 படிகள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 5 படிகளும் ‘தீவிர’ புயலுக்கானவை. அதாவது மணிக்கு 93 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்று, 2.5 செ.மீ. அளவுள்ள ஆலங்கட்டி, சுழற்காற்று ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. மின்னல் எவ்வளவு, வெள்ளம் வருமா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. அரிசோனாவில் பெரும்பாலான பருவமழை நாட்கள் வெளிர்பச்சையிலோ கரும்பச்சையிலோதான் இருக்கும். ‘பச்சைதானே’ என்று விட்டுவிட முடியாது.

இரண்டாவது, மேரிலாண்டில் உள்ள வானிலை கணிப்பு மையத்தின் அதிகனமழை வரைபடம். திடீர் வெள்ளத்தை உண்டாக்கும் அளவுக்கு மழை பெய்யுமா என்பதை 4 படிகளில் இது சொல்கிறது. ஓர் இடத்தைச் சுற்றி 40 கி.மீ. தூரத்துக்குள் அப்படி நடக்க 5% வாய்ப்பு இருந்தாலே முதல் படி. பிறகு 15%, 40%, 70%. ஓடை, பள்ளத்தாக்கு, மலைச்சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய வரைபடம் இதுதான்.

‘வாட்ச்’ வேறு, ‘வார்னிங்’ வேறு

வாட்ச் வந்தால்: ஆபத்துக்கான சூழல் கூடி வருகிறது, தயாராக இருங்கள்.

வார்னிங் வந்தால்: ஆபத்து நடந்துகொண்டிருக்கிறது அல்லது நடக்கப்போகிறது, உடனே செயல்படுங்கள். புழுதிப்புயலுக்கும் ஆபத்தான திடீர் வெள்ளத்துக்கும் செல்போனில் அலறல் சத்தத்தோடு செய்தி வரும். சிக்னல் இல்லாத இடத்தில் அதுவும் வராது என்பதற்குப் பேசன் சம்பவமே சாட்சி.

வெயில் அடிக்கிறதே, எதற்கு வெள்ள எச்சரிக்கை?

பாலைவன நிலம் மழையைப் பஞ்சு போல உறிஞ்சும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. விழும் மழை அப்படியே சரிந்து, ஆண்டு முழுக்க வறண்டு கிடக்கும் மணல் ஓடைகளில் இறங்குகிறது. காட்டுத்தீயில் எரிந்த சரிவு என்றால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரைத் தடுக்கச் செடி இல்லை. எரிந்த மண்ணில் தண்ணீர் இறங்குவதும் இல்லை.

1997 ஆகஸ்ட் 12 அன்று, குறுகிய பாறை இடுக்குக்குப் பெயர்போன ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது மேலே பல கிலோமீட்டர் தொலைவில். 2015 செப்டம்பர் 14 அன்று, அரிசோனா எல்லையை ஒட்டிய யூட்டா பகுதியில் ஒரே நாளில் 20 பேர் பலியானார்கள். ஹில்டேல் ஊரில் வாகனங்களோடு அடித்துச் செல்லப்பட்டவர்கள் 13 பேர். சயான் தேசியப் பூங்காவின் பாறை இடுக்கில் சிக்கியவர்கள் 7 பேர்.

மழையே இல்லாமலும் ஆபத்து வரும்

பாலைவன வானில் மேகத்திலிருந்து இறங்கும் மழை, தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடுவதைப் பார்க்கலாம். மேகத்துக்குக் கீழே சாம்பல் நிறத் திரை தொங்குவது போல இருக்கும். பார்க்க அழகு. ஆனால் மழை ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, கனத்து, பொத்தென்று கீழே விழுகிறது. தரையில் மோதி நாலாபக்கமும் சீறும் அந்தக் காற்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டலாம். மின்கம்பங்கள் சாய்வதும் கூரைகள் பறப்பதும் இதனால்தான்.

அதே காற்று பாலைவனப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தால் அதுதான் ‘ஹபூப்’ என்ற புழுதிச்சுவர். அரபு மொழிச் சொல் இது. 2011 ஜூலை 5 அன்று பீனிக்ஸை மூடிய ஹபூப் 1,500 மீட்டருக்கு மேல் உயரமும், ஏறக்குறைய 160 கி.மீ. அகலமும் கொண்டது. நெடுஞ்சாலையில் சில நொடிகளில் எதிரே எதுவும் தெரியாமல் போய்விடும்.

காட்டுத்தீயும் உண்டு. 2013 ஜூன் 28 அன்று யார்னெல் மலையில் மின்னல் பற்றவைத்த தீ, 2 நாட்கள் கழித்து ஒரு இடிமேகத்திலிருந்து வெளியேறிய காற்றால் திசை மாறியது. அந்தத் தீயில் சிக்கி 19 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

வெளியே கிளம்பும் முன்: நீங்கள் போகும் இடத்துக்கு மட்டுமல்ல, அந்த ஓடைக்குத் தண்ணீர் வரும் மேல்மலைக்கும் சேர்த்து முன்னறிவிப்பைப் பாருங்கள். மலை ஏறுவதாக இருந்தால் விடியலில் தொடங்கி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் கிராண்ட் கேன்யன் பக்கம் போகும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

ஓடையில் இருக்கும்போது: தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளி, குப்பை மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ பொருட்களை எடுக்க நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

சாலையில் வெள்ளம் ஓடினால்: திரும்பிவிடுங்கள். 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய காரை இழுக்கும். 60 செ.மீ. பெரிய வண்டிகளையே அடித்துச் செல்லும். தடுப்பு வைத்த வெள்ளச் சாலையில் வண்டியை இறக்கி மாட்டிக்கொண்டால், மீட்புச் செலவை ஓட்டுநரிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’.

புழுதிப்புயல் வந்தால்: சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி வண்டியை நிறுத்துங்கள். எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள், ஹசார்ட் விளக்கு உட்பட. ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால், ‘முன்னால் வண்டி போகிறது’ என்று நினைத்துப் பின்னால் வருபவர் அதைப் பார்த்து வந்து மோதிவிடுவார். சீட் பெல்ட்டோடு உள்ளேயே காத்திருங்கள்.

இடி கேட்டால்: மழை வராவிட்டாலும் கட்டடத்துக்குள்ளோ, மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து 16 கி.மீ. தள்ளிக்கூட மின்னல் தாக்கலாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வாருங்கள்.

சுருக்கமாக

பாலைவனத்துக்கு இந்த மழை வேண்டும். கள்ளிச்செடி முதல் நகரங்களின் தாகம் வரை அதை நம்பியே இருக்கின்றன. ஜூலையின் முதல் மழையில் கிளம்பும் கிரியோசோட் புதர் வாசனைக்காகவே டூசான் மக்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதே மழைதான் ஒரு மதிய நேரத்தில் உயிரையும் எடுக்கிறது.

அதனால் காலையில் போனில் 20% என்று பார்த்தால், ‘எனக்கு மழை இல்லை’ என்று மூடிவைக்காமல் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். மேல்மலையில் இன்று மழை உண்டா? நான் போகும் இடத்தில் சிக்னல் கிடைக்குமா? திடீரென்று வெள்ளம் வந்தால் ஏறி நிற்க மேடு எங்கே இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், அன்று ஓடைப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.